கதவு பூட்டு

மராத்தியில் சிம்போரி என்றால் நண்டு.
சிம்போரி தண்டாவின் சந்துகளுக்கும்
பக்கவாட்டில்தான் நடக்கத் தெரியும்.
நேராகப் போனால் சுவர்.
ஒருக்களித்துப் போனால் கடல்.

பதினோரு வருடமாக இங்கே கரண்ட் மீட்டர் பார்க்கிறேன்.
மொத்தம் இருநூற்றுப் பதினாறு.
அதில் நாற்பத்து மூன்று
செத்தவர்கள் பெயரில் ஓடுகிறது.

லக்ஷ்மண் ஹர்யா தாண்டேல்,
எழுபத்தொன்று யுத்தத்தில்
பம்பாயே விளக்கணைத்துக் கிடந்த இரவு
வலை போடப் போய்த் திரும்பாதவர்,
போன மாதம்
நூற்று எண்பத்தேழு யூனிட் எரித்திருக்கிறார்.

டாக்குபாய் கேணிக்குத்
தன் பெயரில் ஃபிரிட்ஜ் ஓடுவது தெரியாது.
கேணி என்று பில்லில் பார்க்கும்போதெல்லாம்
எனக்குத் தாகம் எடுக்கும்.
அவள் பேரன் தரும் தண்ணீரோ
லேசாக உப்புக் கரிக்கும்.

ஊர்க்கதை கேட்டால் வலை பின்னிக்கொண்டே சொல்வார்கள்,
முகம் பார்க்க மாட்டார்கள்.
போர்ச்சுக்கீசியன் வந்தான்,
சிலுவை நட்டான், மீன் கேட்டான்.
வெள்ளைக்காரன் வந்தான்,
பீரங்கி வைத்தான், மீன் கேட்டான்.
பாலம் கட்ட இன்ஜினியர் வந்தான்.
பாறைகளுக்குப் பச்சைப் பெயிண்டில் நம்பர் எழுதினான்.
மீன் கேட்கவில்லை.
அன்றைக்கே சந்தேகம் வந்தது என்கிறாள் ரெமெடியா.

பீரங்கிக்கு இப்போது வாய் மண்ணில், பின்புறம் வானத்தில்.
படகு கட்ட அதைவிட நல்ல முளை கிடையாது.
பாலத்தின் மேல் கார்கள் போகின்றன.
இந்த ஊரைக் கடக்க அவற்றுக்கு நாற்பது விநாடி.
கருவாட்டு வாடை ஏறி வந்தால்
கண்ணாடியை ஏற்றிக்கொள்ள இரண்டு.

கிழக்குச் சந்தும் மேற்குச் சந்தும்
பத்தொன்பது வருடமாகப் பேசுவதில்லை.
ஒரு ஐஸ் பெட்டி விவகாரம்.
புயலடித்த மே மாதம்
கிழக்கின் கயிறு மேற்கின் படகுகளைப் பிடித்திருந்தது
விடிய விடிய.
விடிந்ததும்
கயிற்றைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

மீன் விலையை ஒருமுறைதான் சொல்வார்கள்.
இரண்டாம் முறை கேட்டால் ஏறியிருக்கும்.

மழைக்கு முன் சுற்றறிக்கை வந்தது:
இறந்தோர் பெயர்கள் நீக்கப்படும்.
சான்றிதழோடு வாரிசு வராவிட்டால்
இணைப்பு ‘தற்காலிகம்’ ஆகும்.
அதே வாரம் டை கட்டிய சர்வேக்காரர்கள் வந்தார்கள்.
அவர்கள் படிவத்தில் இரண்டே கட்டம்,
குடிசை, கட்டிடம்.
ஊர் என்று எதிலும் கட்டம் இல்லை.

லக்ஷ்மணின் மருமகள் மைனாபாய்
அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு பில் எடுத்தாள்.
அறுபத்திரண்டு, மார்ச். மூன்று ரூபாய் சில்லறை.
காகிதம் பொம்பில் கருவாடு போல் விறைத்திருந்தது.
‘இந்த வீட்டுக்கு மாமனார்தான் சாட்சி.
இவர் பேரை எடுத்துவிட்டால்
நாங்கள் நேற்று வந்தவர்கள்.’

நேற்று வந்தவன் என்றால் என்னவென்று
எனக்குத் தெரியாதா.
தாராவியில் எங்கள் வீட்டு விளக்கு
பக்கத்து வீட்டுக்காரன் மீட்டரில் எரிகிறது.
அவன் சண்டை போட்டால் இருட்டு.

கையிலிருந்த மெஷினில்
காரணக் குறிகள் ஒன்பது உண்டு.
மீட்டர் பழுது, நாய் தொல்லை, ஆள் இல்லை இப்படி.
நாற்பத்து மூன்று வீட்டுக்கும்
‘கதவு பூட்டு’ என்று அழுத்தினேன்.
பூட்டே வாங்கியறியாத ஊர்.
அழுத்தும்போது ஒரு கதவு வழியே
டி.வி. சத்தமும் இன்னொன்றின் வழியே
பூண்டு வதங்கும் வாசனையும் வந்துகொண்டிருந்தன.

கிளம்பும்போது நாலு நண்டு கட்டித் தந்தாள் மைனாபாய்.
சும்மா இல்லை. விலை சொன்னாள்,
ஒருமுறை.

ரயிலில் பை நகர்ந்தது.
எதிரில் இருந்தவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.
மூன்று மாதம் தொடர்ந்து பூட்டு என்றால்
சூப்பர்வைசரே நேரில் வருவார்.

இது இரண்டாவது மாதம்.